லீவில் இருந்த டெவலப்பர்... திரும்பி வந்தபோது காத்திருந்த பேரதிர்ச்சி! எக்ஸ்இசட் பின்வாசல் விவகாரம் சொல்வது என்ன?

ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு போனை ஓரமா வச்சுட்டு ஊருக்குப் போறீங்க. நடுவுல சும்மா ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்த்தா, உங்க வீட்டுச் சாவியை நீங்க நம்பிக் கொடுத்த ஆள் ஒரு திருடன்னு ஊரே பேசிக்கிட்டு இருக்கு. அது மட்டுமில்ல, உங்க மேலயும் சந்தேகப் பார்வை. எப்படி இருக்கும்?

ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்ற சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 2024 மார்ச் மாதக் கடைசியில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். சம்பளம் வாங்காமல் பல ஆண்டுகளாக அவர் பராமரித்து வந்த ஒரு சின்ன சாஃப்ட்வேருக்குள், அவரோடு சேர்ந்து வேலை செய்தவரே ரகசியப் பின்வாசல் ஒன்றை வைத்திருந்தார். உலகம் முழுக்க இருக்கும் லினக்ஸ் சர்வர்களின் கதவைத் திறக்கக்கூடிய பின்வாசல் அது.

அதைக் கண்டுபிடித்தவரை உலகமே பாராட்டியது. ஆனால் திரும்பி வந்து, குப்பையை அள்ளி, வீட்டைச் சுத்தம் செய்தவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அவர் ஏன் களைத்துப் போனார், அந்தக் களைப்பை யார் பயன்படுத்திக்கொண்டார்கள், திரும்பி வந்து என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

எக்ஸ்இசட் அப்படின்னா என்ன?

கம்ப்யூட்டரில் பெரிய ஃபைல்களைச் சுருக்கி 'ஜிப்' செய்து அனுப்புவோம் இல்லையா? அதே வேலையை லினக்ஸ் உலகில் செய்யும் கருவிகளில் ஒன்றுதான் எக்ஸ்இசட் யூட்டில்ஸ். இதன் ஃபைல் வடிவம் 2009-ல் வந்தது. லினக்ஸ் கர்னலின் மூல கோட் இந்த வடிவத்தில்தான் வெளியாகிறது. டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் சாஃப்ட்வேர் பொட்டலங்களும் இதில்தான் சுருக்கப்படுகின்றன.

இதன் பெயர் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஆனால் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குள் இருக்கும் ஒரு செங்கல் மாதிரி, ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இது இருக்கும். இப்படி அடித்தளத்தில் கிடக்கும் மென்பொருள்களை 'சிஸ்டம் சாஃப்ட்வேர்' என்று சொல்வார்கள்.

இது ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் கோடைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். பெரிய பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் வருகிற திருத்தங்களைச் சரிபார்த்து, சேர்த்து, புதிய பதிப்பை வெளியிட ஒருத்தர் வேண்டும். அவரைத்தான் பராமரிப்பாளர் என்கிறார்கள். எக்ஸ்இசட்டைப் பொறுத்தவரை, பல ஆண்டுகளுக்கு அந்த ஒருத்தர் லாசே காலின்தான்.

"சீக்கிரம் பண்ணுங்க!" 2022-ல் தொடங்கிய நெருக்கடி

2021 அக்டோபரில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்இசட்டுக்கு முதல் திருத்தத்தை அனுப்புகிறார். சின்ன விஷயம்தான். தொடர்ந்து சில திருத்தங்கள். எல்லாமே ஒழுங்கானவை, பயனுள்ளவை.

2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னொரு பக்கம் வேறொரு காட்சி. ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் சிலர் காலினுக்கு எழுதத் தொடங்குகிறார்கள். ஏன் புதிய பதிப்பு வரவில்லை, ஜியா டானின் திருத்தங்களை ஏன் கிடப்பில் போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு ஆர்வம் இல்லையென்றால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

காலின் மறைக்காமல் பதில் சொன்னார். ஆர்வம் போய்விடவில்லை, நீண்டகால மனநலப் பிரச்னை உள்ளிட்ட காரணங்களால் அதிகம் ஈடுபட முடியவில்லை, இது சம்பளம் இல்லாத, பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் மனதில் வையுங்கள் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். ஜியா டான் வருங்காலத்தில் பெரிய பொறுப்பு எடுக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டிருந்தார்.

இன்று படித்தால் மனதைப் பிசையும் பதில் அது. ஒரு மனிதர் தன் பலவீனத்தை நேர்மையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல துப்பாகக் கிடைத்தது.

அப்படி நெருக்கிய அந்தப் பெயர்களுக்கு வேறு எங்குமே சுவடு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜியா டானுக்கு வழிவிடுவதற்காகவே உருவாக்கப்பட்ட போலிக் கணக்குகளாக இருக்கலாம் என்பது பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. ஜியா டான் தனி ஆளா, ஒரு குழுவா, ஏதாவது நாட்டின் உளவு அமைப்பா என்பது பொதுவெளியில் உறுதிசெய்யப்படவில்லை.

சாவி கைமாறியது எப்படி?

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஜியா டானுக்கு நேரடியாகக் கோடைச் சேர்க்கும் உரிமை இருந்தது. அந்த ஆண்டே புதிய பதிப்புகளையும் அவரே வெளியிட ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நூற்றுக்கணக்கான உண்மையான திருத்தங்களைச் செய்து, நம்பிக்கையை வட்டியும் முதலுமாகச் சேர்த்தார்.

2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பு வந்தது. மார்ச்சில் 5.6.1. இந்த இரண்டுக்குள்ளும்தான் விஷம் இருந்தது.

ஒளித்து வைத்த விதம் பயங்கரமானது. எல்லோரும் பார்க்கும் கோடுக்குள் அது இல்லை. சோதனைக்காக வைத்திருக்கும் பழுதான ஃபைல்கள் போலத் தெரிந்த சிலவற்றுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்து இயக்கும் வரி, வெளியீட்டுக்காகத் தயாரிக்கும் பொட்டலத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. பொதுவில் இருக்கும் கோடை ஒருவர் வரிக்கு வரி படித்திருந்தாலும் அந்த வரி கண்ணில் பட்டிருக்காது.

சுருக்கும் கருவிக்கும் சர்வர் கதவுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழைய நிர்வாகிகள் பயன்படுத்தும் பாதுகாப்பான வழி எஸ்எஸ்ஹெச். அது நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற சில இயங்குதளங்களில் எஸ்எஸ்ஹெச் சர்வரை 'சிஸ்டம்டி' என்ற இன்னொரு மென்பொருளோடு இணைத்திருந்தார்கள். சிஸ்டம்டி, எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கூடவே அழைத்து வரும்.

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார்னு வச்சுக்குங்க. அவர் உஷாரானவர்தான். ஆனா அவருக்கு டீ கொண்டு வர்ற பையனோட கூட்டாளி மோசமானவன். அவன் வாட்ச்மேன் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்து, அடையாள அட்டையைச் சரிபார்க்கிற இடத்தையே மாத்தி வச்சுடுறான். ஒரு குறிப்பிட்ட அட்டை வந்தா மட்டும் கதவு தானா திறக்கும். இங்கே நடந்தது அதுதான். தன்னிடம் இருக்கும் ரகசியச் சாவியைக் காட்டினால் போதும், அந்த சர்வரில் எந்தக் கட்டளையையும் தாக்குபவரால் இயக்க முடியும்.

இந்தப் பாதிப்புக்கு சிவிஇ-2024-3094 என்று எண் கொடுத்து, ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10 மதிப்பிட்டார்கள். அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

காப்பாற்றியது அரை விநாடி!

சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டெவலப்பர்களில் ஒருவர். அவர் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். வழக்கமாக 0.3 விநாடியில் முடியும் எஸ்எஸ்ஹெச் நுழைவு, 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடி தாமதம். நம்மில் பலர் கண்டுகொள்ளவே மாட்டோம். அவர் விடவில்லை. தோண்டத் தோண்ட, எக்ஸ்இசட் வரை வந்து நின்றது.

2024 மார்ச் 29, புனித வெள்ளியன்று அவர் விஷயத்தைப் பொதுவெளியில் போட்டு உடைத்தார். சோதனை நிலையில் இருந்த டெபியன், ஃபெடோரா பதிப்புகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி லினக்ஸ் போன்றவற்றுக்குள் கெட்ட பதிப்பு ஏற்கெனவே நுழைந்திருந்தது. நல்லவேளையாக, சர்வர்களில் பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்கு அது போய்ச் சேரவில்லை. உபுண்டு தன் 24.04 பீட்டா வெளியீட்டையே ஒரு வாரம் தள்ளிவைத்தது.

இன்னும் சில மாதங்கள் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால்? உலகத்தின் பெரும்பாலான வெப் சர்வர்கள் இயங்குவது லினக்ஸில். அதுதான் நிபுணர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

லாசே காலின் திரும்பி வந்தார்

காலின் அவ்வப்போது இன்டர்நெட்டிலிருந்து விலகி இருப்பது வழக்கம். அப்படி ஒரு இடைவேளையில் இருந்தபோதுதான் இவ்வளவும் வெடித்தது. விடுமுறையில் இருக்கிறேன், தற்செயலாக மெயிலைப் பார்த்தேன், பெரிய குழப்பமாகத் தெரிகிறது என்ற பொருளில் லினக்ஸ் கர்னல் டெவலப்பர்களுக்கு அவர் எழுதினார்.

அதற்குள் கோட் வைக்கப்பட்டிருந்த கிட்ஹப் தளம் எக்ஸ்இசட் பக்கத்தையே முடக்கிவிட்டது. ஜியா டானின் கணக்கோடு காலினின் கணக்கும் முடக்கப்பட்டது. இவரும் கூட்டாளியா, இவருடைய கணக்கையும் யாராவது கைப்பற்றிவிட்டார்களா என்ற கேள்விகள் கிளம்பின.

இந்த இடத்தில் பலர் என்ன செய்திருப்பார்கள்? "போதும்டா சாமி, இலவசமா உழைச்சதுக்குக் கிடைச்ச பரிசு போதும்"னு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. காலின் கிளம்பவில்லை.

மார்ச் 30 அன்றே தன் சொந்தத் தளத்தில் சுருக்கமான விளக்கம் போட்டார். கெட்ட பதிப்புகளைத் தயாரித்துக் கையொப்பமிட்டது ஜியா டான், தன் சொந்த சர்வர் தன் ஒருவர் கையில் மட்டுமே இருக்கிறது என்று தெளிவுபடுத்தினார். ஜியா டானின் கைபட்டிருந்த இணையப் பக்கத்தை விலக்கினார்.

அதே நாளில் இன்னொரு நாசவேலையும் சிக்கியது. லினக்ஸில் 'லேண்ட்லாக்' என்றொரு பாதுகாப்பு வேலி உண்டு. ஒரு மென்பொருள் தனக்குச் சம்பந்தமில்லாத ஃபைல்களைத் தொடாதபடி தடுப்பது அது. அந்த வேலி இருக்கிறதா என்று பார்க்கும் கோடில், ஜியா டான் ஒரே ஒரு புள்ளியைச் செருகியிருந்தார். ஆமாம், வாக்கியம் முடியும்போது வைப்போமே, அந்தப் புள்ளிதான். அது இருந்தால் சோதனை எப்போதும் தோற்கும், வேலி போடப்படாது. பார்ப்பவருக்கு அது திரையில் ஒட்டிய தூசியாகத்தான் தெரியும். காலின் அந்தப் புள்ளியை எடுத்தார்.

ஒரு புள்ளியே இவ்வளவு செய்யுமென்றால், இரண்டு ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட நூற்றுக்கணக்கான திருத்தங்களில் எதை நம்புவது? ஜியா டான் வருவதற்கு முந்தைய பழைய பதிப்புக்கே போய்விடலாமா என்ற விவாதம் டெபியன் வட்டாரத்தில் நடந்தது. இன்னொரு வழி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் படிப்பது. காலின் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை.

கிட்ஹப் கணக்கும், பிறகு எக்ஸ்இசட் பக்கமும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. இரண்டு மாதம் ஓடியது. 2024 மே 29 அன்று, பின்வாசல் நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பு வெளியானது. பழைய வரிசைகளைப் பயன்படுத்துவோருக்காக 5.4.7, 5.2.13 பதிப்புகளும் அதே நாளில் வந்தன. பின்வாசல் தொற்றிக்கொள்ள உதவிய ஒரு தொழில்நுட்ப வசதியையும் அவர் மொத்தமாகத் தூக்கிவிட்டார்.

வேலை அதோடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில் 5.8.0 வந்தது. அடுத்த சில நாட்களிலேயே, ஃபைலை விரிக்கும் பகுதியில் ஒரு பிழை இருப்பது தெரியவர, ஏப்ரல் 3 அன்று அதைச் சரிசெய்து 5.8.1 வெளியானது. என்ன பிழை, எந்தெந்தப் பதிப்புகளில் இருந்தது, எப்படித் தப்பிப்பது என எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. எந்த சாஃப்ட்வேரிலும் தவறு வரும். தவறு தெரிந்ததும் அதை எல்லோருக்கும் சொல்கிற ஆள் அங்கே இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

தப்பு யார் மேல?

"முகம் தெரியாத ஆளுக்கு எப்படிச் சாவி கொடுக்கலாம்?" என்று கேட்பது சுலபம். ஆனால் ஓப்பன் சோர்ஸ் உலகமே முகம் தெரியாதவர்களின் கூட்டு உழைப்பில்தான் நடக்கிறது. அங்கே ஒருவரின் அடையாளம் அவர் செய்த வேலை. ஜியா டான் இரண்டு ஆண்டுகள் நல்ல வேலையைக் காட்டினார். அந்த அளவுகோலில் காலின் செய்தது வழக்கத்துக்கு மாறானது அல்ல.

நாம் யோசிக்க வேண்டிய இடம் இன்னொன்று. 2022-ல் வந்த அந்த நச்சரிப்பு ஏன் யாருக்கும் சந்தேகம் தரவில்லை? ஏன்னா, உண்மையான பயனாளர்களும் அப்படித்தான் பேசுவாங்க. இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, "ஏன் இன்னும் சரி பண்ணல?" என்று அதட்டுவது இணையத்தில் தினசரி நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் ரெண்டு போலிக் குரல் கலந்தால் யாருக்குத் தெரியும்? தாக்கியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கெட்ட பழக்கத்தை ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இதை வெறும் கோட் பிரச்னையாகப் பார்க்க முடியாது. ஒரு தன்னார்வலரின் களைப்பே பாதுகாப்பு ஓட்டையாக மாறியது. அவருக்கு லீவு கொடுக்க ஆள் இல்லை. "நான் பார்த்துக்கிறேன், நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று சொல்லி வந்து நின்றவர்களில் முக்கியமான ஆள் திருடனாக இருந்தார்.

இது முதல் மணி அல்ல

2014-ல் 'ஹார்ட்பிளீட்' பிழை வெடித்தபோதும் இதே கதைதான். இணையத்தின் பாதுகாப்புப் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்று தெரியவந்து உலகமே வெட்கப்பட்டது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' பிழை வந்தபோது, தூக்கம் கெட்டு அதைச் சரிசெய்தவர்களும் தன்னார்வலர்கள்தான்.

எக்ஸ்இசட்டுக்குப் பிறகு சில அசைவுகள் தெரிகின்றன. இதே மாதிரி பராமரிப்புப் பொறுப்பைக் கைப்பற்றும் முயற்சிகள் ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களிலும் நடந்ததாக 2024 ஏப்ரலில் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையும் ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பும் எச்சரித்தன. இப்படிப்பட்ட அடித்தள மென்பொருள்களுக்கு அரசுப் பணம் கொடுக்கும் திட்டத்தை ஜெர்மனி 2022-லேயே தொடங்கியிருந்தது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம், பொருளை விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மீது பாதுகாப்புப் பொறுப்பைச் சுமத்துகிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும். வணிக நோக்கம் இல்லாத தன்னார்வலர்கள் அந்தச் சுமைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளனர்.

சரி, இதனால நமக்கு என்ன?

நீங்கள் இதைப் படிக்கும் போன் ஆண்ட்ராய்டு என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல். நீங்கள் போகும் இணையதளங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் சர்வர்களில்தான் இயங்குகின்றன. நம் நாட்டுக்காக சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அதாவது, ஃபின்லாந்தில் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் கோட், நம்ம வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாதாரணப் பயனாளர் செய்ய வேண்டியது, அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் இருப்பது. ஐடி துறையில் இருப்பவர்கள், தங்கள் நிறுவனம் எந்தெந்த இலவச மென்பொருள் மேல் நிற்கிறது, அதை எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். 'ஒருத்தர்' என்று பதில் வரும் இடங்களில்தான் நிறுவனத்தின் பணமும் ஊழியர்களின் நேரமும் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை ஏதாவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பிழை கண்டு, "எப்ப சரி பண்ணுவீங்க?" என்று டைப் செய்யும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் ஆபீஸ் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தூங்கப் போகும் முன் கம்ப்யூட்டரைத் திறந்தவராக இருக்கலாம்.

லாசே காலின் திரும்பி வந்ததால் எக்ஸ்இசட் பிழைத்தது. ஆனால் அவர் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை, எந்தச் சம்பளமும் இல்லை. இப்படி எத்தனை செங்கற்களை எத்தனை பேர் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க, இன்னொரு அரை விநாடித் தாமதத்துக்காக உலகம் காத்திருக்கக் கூடாது.